ஆர்விட் கார்ல்சனும் டோபமைனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்விட் கார்ல்சன் யார்?

மூளையில் டோபமைன் தனக்கென ஒரு பணியைச் செய்யும் வேதிப்பொருள் என்று நிறுவிய ஸ்வீடன் நாட்டு மருந்தியல் அறிஞர். 1923 ஜனவரி 25 அன்று உப்சாலா நகரில் பிறந்தார். தந்தை வரலாற்றுப் பேராசிரியர். அவருடைய பணியை ஒட்டிக் குடும்பம் லுண்ட் நகருக்குக் குடிபெயர்ந்ததால் கார்ல்சன் அங்கேயே வளர்ந்து, லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1951-இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1959-இல் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார். 1989-இல் பணி ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வை விடவில்லை. 2000-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை பால் கிரீன்கார்ட், எரிக் கேண்டல் ஆகிய இருவருடன் பகிர்ந்துகொண்டார். 2018 ஜூன் 29 அன்று, 95-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய தொடக்ககால ஆய்வு மூளையைப் பற்றியதே அல்ல. உடலில் சுண்ணாம்புச்சத்து எவ்வாறு கையாளப்படுகிறது என்பதைப் பற்றியது. அந்தத் துறையில் நல்ல கட்டுரைகள் எழுதியிருந்தும், அது மருந்தியலின் மையப் பொருள் அல்ல என்று கருதப்பட்டதால் அவர் எதிர்பார்த்த ஒரு பதவி கிடைக்காமல் போயிற்று. புதிய துறை ஒன்றைத் தேடி 1955-இல் அவர் அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்துக்கு, பெர்னார்ட் புரோடியின் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கே தங்கியது சில மாதங்களே. மூளையை மருந்தின் வழியே ஆராயும் முறையை அவர் கற்றுக்கொண்டது அந்தச் சில மாதங்களில்தான்.

நரம்பு மருந்தியல் என்பது மருந்து கண்டுபிடிக்கும் துறைதானே?

அது அத்துறையின் ஒரு பாதி. மறுபாதி பலருக்கும் தெரியாதது, கார்ல்சனின் வாழ்நாள் பணி பெரும்பாலும் அந்த மறுபாதியைச் சேர்ந்தது. ஒரு மருந்து உடலுக்குள் சென்று நடத்தையை மாற்றுகிறது என்றால், அது மூளையில் எதையோ தொட்டிருக்க வேண்டும். எதைத் தொட்டது, எவ்வளவு மாற்றியது, அந்த மாற்றத்தை வேறொரு பொருளால் திருப்ப முடியுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டே போனால், மருந்தைப் பற்றிய அறிவோடு மூளையைப் பற்றிய அறிவும் சேர்ந்து வளர்கிறது. மருந்து அங்கே மூளையை நோக்கிக் கேட்கப்படும் ஒரு கேள்வி. நோய்க்கு விடை பிறகு வருகிறது. சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்து வருகிறது. கார்ல்சனின் ஆய்வுகளை இந்த வரிசையில் படித்தால்தான் அவற்றின் அருமை விளங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் ஆய்வைத் தொடங்கியபோது மூளையைப் பற்றிய கருத்து எவ்வாறு இருந்தது?

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதில் அறிஞர்கள் இரு அணிகளாக நின்ற காலம் அது. இதயம், தசை போன்ற உறுப்புகளுக்கு நரம்புகள் வேதிப்பொருள் வழியே செய்தி அனுப்புகின்றன என்பது ஏற்கெனவே தெளிவாகியிருந்தது. ஆட்டோ லோவி 1921-இல் தவளையின் இதயத்தை வைத்து அதைக் காட்டியிருந்தார். 1936-இல் அவரும் ஹென்றி டேலும் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். ஆனால் மூளைக்குள்ளேயும் அப்படித்தானா என்று கேட்டபோது, பலர் இல்லை என்றனர். மூளையின் வேகத்துக்கு மின்துடிப்பே ஈடுகொடுக்கும், வேதிப்பொருள் மிகவும் மெதுவானது என்பது அவர்களுடைய வாதம்.

டோபமைனின் நிலை இன்னும் மோசம். 1910-இலேயே லண்டனில் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட அந்தப் பொருள், உடலில் நோர்அட்ரினலின் என்னும் நரம்புச் செய்திப்பொருள் உருவாகும் வழியில் தோன்றி மறையும் ஓர் இடைநிலைப் பொருளாக மட்டுமே கருதப்பட்டது. அதைத் தனியாக ஆராய வேண்டும் என்ற எண்ணம் மிகச் சிலருக்கே இருந்தது.

இந்த ஆய்வில் இந்திய மூலிகை ஒன்றுக்குப் பங்கு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை; அந்தப் பங்கு சிறியதும் அல்ல. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் இந்திய மருத்துவ மரபுகளில் மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் நீண்ட காலமாகப் பயன்பட்டு வந்தது. கொல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் அந்த வேரைப் பற்றி, இரத்த அழுத்தத்துக்கும் வெறிகொண்ட மனநோய்க்கும் அது பயன்படுவதாக, ஆங்கில மருத்துவ இதழில் எழுதினர். அதே காலத்தில் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திகி அதிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தெடுக்கத் தொடங்கினார். 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் அது தந்த பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன வேதியியலர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைத் தனியே பிரித்தெடுத்தனர்.

ரெசர்பின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. கொந்தளிக்கும் மனநோயாளிகளை அமைதிப்படுத்தியது. சிலருக்குக் கைகால் விறைப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கியது. இந்த மூன்றாவது விளைவைப் பக்கவிளைவு என்று ஒதுக்கியிருந்தால் பிற்பாடு வந்த பெரிய கண்டுபிடிப்பே வந்திருக்காது.

1955-இல் புரோடியின் குழுவினர், ரெசர்பின் செலுத்தப்பட்ட விலங்குகளின் மூளையில் செரட்டோனின் ஏறக்குறைய இல்லாமற்போவதைக் கண்டனர். ஒரு மருந்து நடத்தையில் உண்டாக்கும் மாற்றத்தையும் மூளையிலுள்ள ஒரு வேதிப்பொருளின் அளவையும் இணைத்துக் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று. கார்ல்சன் அங்கே போய்ச் சேர்ந்தது அந்த ஆண்டில்தான். செரட்டோனினோடு நிறுத்தாமல் அதற்கு நெருங்கிய, அமைன்கள் எனப்படும் பிற வேதிப்பொருள்களையும் பார்க்கலாமே என்று அவர் கேட்டார். புரோடிக்கு அதில் நாட்டமில்லை. ஸ்வீடனுக்குத் திரும்பிய கார்ல்சன், லுண்ட் பல்கலைக்கழகத்தின் திசுவியலர் நில்ஸ்-ஓகே ஹில்லார்ப்புடன் சேர்ந்து அந்தக் கேள்வியைத் தாமே எடுத்துக்கொண்டார். அட்ரினல் சுரப்பியிலும் மூளையிலும் அட்ரினலின் வகைப் பொருள்களையும் ரெசர்பின் காலிசெய்துவிடுகிறது என்பது விரைவில் தெரியவந்தது.

ரெசர்பின் அவற்றை எவ்வாறு காலிசெய்கிறது?

நரம்பணுவின் நுனியில் நுண்ணிய பைகள் உள்ளன. அணு தயாரிக்கும் கடத்திப்பொருள் அப்பைகளில் சேமிக்கப்பட்டு, துடிப்பு வரும்போது வெளியே விடப்படுகிறது. பைக்குள் பொருளை ஏற்றும் புரதத்தை ரெசர்பின் முடக்குகிறது. குதிரின் வாய் அடைபட்டால் களத்தில் கிடக்கும் நெல் பாழாவதுபோல, பைக்குள் போக முடியாத கடத்திப்பொருளை அணுவிலுள்ள நொதிகள் சிதைத்துவிடுகின்றன. அணு உயிரோடுதான் இருக்கிறது. அனுப்புவதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

1957-ஆம் ஆண்டின் முயல் சோதனை ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

அது ஒரு கேள்வியை ஐயத்துக்கு இடமின்றிக் கேட்ட சோதனை என்பதால். ரெசர்பின் செலுத்தப்பட்ட முயல்கள் காது மடிந்து, கண் பாதி மூடி, அசையாமல் கிடந்தன. செரட்டோனின் குறைவுதான் காரணம் என்றால் செரட்டோனினாக மாறும் மூலப்பொருளைக் கொடுத்தால் அவை எழ வேண்டும், எழவில்லை. கார்ல்சனும் அவருடன் பணிபுரிந்த மார்கிட் லிண்ட்க்விஸ்ட், டோர் மக்னூசன் ஆகியோரும் அடுத்ததாக டோபா என்னும் அமினோ அமிலத்தை இரத்தக்குழாய் வழியே செலுத்தினர். கால் மணி நேரம் போல் கழிந்ததும் முயல்கள் காதை நிமிர்த்தி, எழுந்து, நடமாடத் தொடங்கின. டோபாவின் வேகம் தணிந்ததும் மீண்டும் முன்போலவே கிடந்தன. இந்த முடிவு அந்த ஆண்டே நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளிவந்தது.

இங்கே நின்றிருந்தால், நோர்அட்ரினலின் திரும்பி வந்ததால் முயல்கள் எழுந்தன என்று முடித்திருக்கலாம். டோபா முதலில் டோபமைனாகவும் பிறகு நோர்அட்ரினலினாகவும் மாறுகிறது என்பது தெரிந்த செய்தி. எல்லோரும் எதிர்பார்த்த விடையும் அதுவே. ஆனால் எழுந்து நடமாடிய விலங்குகளின் மூளையில் அளந்து பார்த்தபோது நோர்அட்ரினலின் கூடியிருக்கவில்லை. அப்படியானால் விலங்கை எழுப்பியது எது? டோபமைனைத் தனியே அளக்க அப்போது நம்பகமான முறை இல்லாததால், பெர்ட்டில் வால்டெக்கும் சேர்ந்துகொள்ள, ஒளிர்வை அளக்கும் புதிய கருவியைக் கொண்டு அவர்கள் ஒரு முறையை உருவாக்கினர். முடிவு 1958-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. மூளையில் டோபமைன் இயல்பாகவே இருக்கிறது. நோர்அட்ரினலினுக்கு ஈடான அளவில் இருக்கிறது. ரெசர்பின் கொடுத்தால் மறைகிறது. டோபா கொடுத்தால் திரும்புகிறது. வெறும் இடைநிலைப் பொருள் என்றால் அவ்வளவு தேங்கி நிற்காது. அது தனக்கென ஒரு பணி உடைய பொருளாகவே இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர்.

எதிர்பார்த்த விடை கையில் இருந்தும் அதை அளந்து சரிபார்த்த அந்தப் படிதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. முயல் எழுந்து நின்ற காட்சி எல்லோர் நினைவிலும் நிற்கிறது. டோபமைனைக் கண்டறிய உதவியது அதன் பின்னால் நடந்த அளவீடுதான்.

அப்படியானால் டோபமைனைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?

அவ்வாறு ஒரே வரியில் சொல்வது நியாயமாகாது. அப்பொருளை முதலில் உருவாக்கியவர்கள் 1910-இல் ஜார்ஜ் பார்கரும் ஜேம்ஸ் யூவன்ஸும். டோபாவை டோபமைனாக மாற்றும் நொதியை 1938-இல் ஜெர்மானியர் பீட்டர் ஹோல்ட்ஸ் கண்டறிந்தார். டோபமைனுக்கு உடலில் தனிப் பணி இருக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹெர்மன் பிளாஷ்கோ முன்னரே கருதினார். மூளைத் திசுவில் டோபமைன் இருப்பதை இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனையில் பணியாற்றிய கேதரின் மொண்டாகு 1957-இல் எழுதினார். கார்ல்சன் குழுவின் தனிப் பங்களிப்பு, அப்பொருளின் அளவையும் அதன் பணியையும் விலங்கின் அசைவோடு பிணைத்துக் காட்டியதாகும். மொண்டாகுவின் பெயரும் லிண்ட்க்விஸ்ட்டின் பெயரும் பாடநூல்களில் அரிதாகவே வருகின்றன. அது திருத்தப்பட வேண்டிய குறை.

பார்க்கின்சன் நோயோடு இந்த ஆய்வு எவ்வாறு இணைந்தது?

லுண்ட் ஆய்வகத்தில் ஓகே பெர்ட்லரும் எவால்ட் ரோசன்கிரெனும் 1959-இல் மூளையின் பகுதிகளைத் தனித்தனியே எடுத்து அளந்தனர். நோர்அட்ரினலின் மிகுந்துள்ள இடங்களும் டோபமைன் மிகுந்துள்ள இடங்களும் வேறுவேறாக இருந்தன. டோபமைனின் பெரும்பகுதி ஸ்ட்ரயேட்டம் என்னும் ஆழ்மூளைப் பகுதியில் குவிந்திருந்தது; உடலின் அசைவை ஒழுங்குபடுத்துவதில் அப்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. ரெசர்பின் நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்குகிறது. அது டோபமைனை அகற்றுகிறது. டோபமைன் அசைவைக் கவனிக்கும் பகுதியில் நிறைந்திருக்கிறது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நடுக்கமும் விறைப்புமாக அசைவைக் குலைக்கும் பார்க்கின்சன் நோய் கண்முன் வந்து நிற்கிறது. அந்நோயில் டோபமைனுக்குப் பங்கு உண்டு என்று கார்ல்சன் வெளிப்படையாக எழுதினார்.

மனிதரில் அதற்கான சான்று வியன்னாவில் கிடைத்தது. பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையை ஹெர்பர்ட் எரிங்கரும் ஓலே ஹார்னிகீவிச்சும் ஆராய்ந்து, ஸ்ட்ரயேட்டத்தில் டோபமைன் மிகக் கடுமையாகக் குறைந்திருப்பதை 1960-இல் வெளியிட்டனர். ஸ்ட்ரயேட்டத்துக்கு டோபமைனை அனுப்பும் அணுக்கள் நடுமூளையில் சப்ஸ்டான்சியா நைக்ரா என்னும் கருமை படிந்த பகுதியில் உள்ளன. அவை அழிவதே இந்நோயின் அடிப்படை. அந்தப் பகுதி நிறமிழந்து போவதை 1919-இலேயே டிரெட்யாகோஃப் குறித்திருந்தார். என்ன குறைகிறது என்பது தெரியவர மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

இவ்வளவு சான்று இருந்தும் அறிஞர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. 1960-இல் லண்டனில் அட்ரினலின் வகைப் பொருள்களைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. ஹென்றி டேல், ஜான் காடம் போன்ற பெரியவர்கள் அதில் இருந்தனர். கார்ல்சனின் முடிவுகளை அவர்கள் தயக்கத்தோடும் ஐயத்தோடும் எதிர்கொண்டனர். டோபா ஒரு நச்சுப்பொருள் என்ற கருத்தும் அங்கே எழுந்தது. வேதிக்கடத்தலை உடலின் பிற உறுப்புகளில் நிறுவியவர்களே மூளையில் அதை ஏற்கத் தயங்கினர்.

ஐயத்தைத் தீர்த்தது நேரில் கண்ட காட்சி. ஹில்லார்ப்பும் பெங்ட் ஃபால்க்கும், உலர்த்திய திசுவில் ஃபார்மால்டிஹைடு ஆவி பட்டால் இந்த அமைன்கள் ஒளிர்வதைக் கண்டு ஒரு முறையை உருவாக்கி 1962-இல் வெளியிட்டனர். நுண்ணோக்கியின் கீழ் டோபமைனும் நோர்அட்ரினலினும் பச்சையாகவும் செரட்டோனின் மஞ்சளாகவும் ஒளிர்ந்தன. அவை நரம்பணுக்களுக்குள்ளேயே, இழைகளின் நுனிகளிலேயே இருந்தன என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 1964-இல் அன்னிகா டால்ஸ்ட்ராமும் ஷெல் ஃபுக்ஸேயும் இவ்வணுக்கள் மூளையில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை வரைந்து காட்டினர். இந்த வெற்றியின் பெரும்பகுதிக்கு உரிய ஹில்லார்ப் 1965-இல், ஐம்பது வயது நிறையும் முன்பே மறைந்தார்.

டோபமைன் குறைவு என்றால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுக்கலாமே?

இரத்தத்திலுள்ள டோபமைன் மூளைக்குள் நுழையாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதை விடுவதில்லை. அதன் மூலப்பொருளான லெவோடோபா (டோபாவின் ஒரு வடிவம்) ஓர் அமினோ அமிலம் என்பதால், அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுசெல்லும் வழியாகவே அது புகுந்து, உள்ளே சென்றபின் டோபமைனாக மாறுகிறது. முயல் சோதனையில் டோபாவைத் தேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

1961-இல் வியன்னாவில் வால்டர் பிர்க்மயரும் ஹார்னிகீவிச்சும் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசி வழியே கொடுத்தபோது, படுக்கையை விட்டு எழ முடியாதிருந்தவர்கள் எழுந்து நடந்தனர். ஆனால் பயன் சில மணி நேரமே நீடித்தது. அதே காலத்தில் மான்ட்ரியலில் அந்த்வான் பார்போ வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் வந்த சில சோதனைகள் பயனில்லை என்று முடிவுகூற, நம்பிக்கை தளர்ந்திருந்த வேளையில், 1967-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ் சிறிய அளவில் தொடங்கிப் பல வாரங்களில் படிப்படியாக மிகப் பெரிய அளவு வரை உயர்த்தும் முறையைக் கையாண்டு, நீடித்த பயனைக் காட்டினார். 1970-இல் அமெரிக்காவில் லெவோடோபாவுக்கு ஒப்புதல் கிடைத்தது.

லெவோடோபாவை மட்டும் கொடுத்தால் அதில் பெரும்பகுதி மூளையை அடையும் முன்பே உடலின் மற்ற இடங்களில் டோபமைனாகி, கடும் குமட்டலையும் இரத்த அழுத்தச் சரிவையும் உண்டாக்கும். மூளைக்குள் நுழையாத, ஆனால் வெளியே அந்த மாற்றத்தைத் தடுக்கும் கார்பிடோபா அல்லது பென்செரசைடு சேர்ந்த மாத்திரைகள் இதற்குத் தீர்வாயின. இன்று மருத்துவர் எழுதிக்கொடுப்பது இந்தக் கூட்டு மாத்திரையைத்தான். இது நோயைக் குணப்படுத்துவதில்லை. அணுக்களின் அழிவையும் நிறுத்துவதில்லை. சில ஆண்டுகள் கழித்து மருந்தின் வேகம் வேளைக்கு முன்பே தணிவதும், கட்டுப்பாடற்ற நெளிவு அசைவுகள் தோன்றுவதும் பலருக்கு நேர்கின்றன. ஆயினும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அசைவை மீட்டுத் தருவதில் இதற்கு ஈடான மருந்து வரவில்லை.

மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வில் அவருடைய பங்கு என்ன?

1950-களில் குளோர்புரோமசின், பிறகு ஹாலோபெரிடால் ஆகியவை மனச்சிதைவு நோயாளிகளுக்குப் பயன்பட்டன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பது புலப்படவில்லை. ரெசர்பினைப் போலவே பயன் தந்தும், அவை டோபமைனின் அளவைக் குறைக்கவில்லை. 1963-இல் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்க்விஸ்ட்டும் எலிகளின் மூளையில், டோபமைனும் நோர்அட்ரினலினும் செலவானபின் எஞ்சும் சிதைவுப் பொருள்கள் இம்மருந்துகளால் கூடுவதைக் கண்டனர். அணு வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்கிறது என்பது அதன் பொருள். ஏன்? அனுப்பப்படும் செய்தியைப் பெறும் ஏற்பியை மருந்து அடைத்துவிட்டதால், செய்தி போய்ச் சேரவில்லை என்று உணர்ந்த அணு மேலும் மேலும் அனுப்புகிறது என்று அவர்கள் விளக்கினர். ஏற்பி என்ற ஒன்றை யாரும் கையில் பிடித்துக் காட்டாத காலத்தில், சிதைவுப் பொருளின் அளவை மட்டும் கொண்டு அதன் இருப்பையும் அடைப்பையும் ஊகித்தது மிகத் துணிவான சிந்தனை. 1970-களில் ஏற்பிகளை நேரடியாக அளந்தபோது அந்த ஊகம் உறுதிப்பட்டது.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தியும் கிடைக்கிறது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்குப் பார்க்கின்சன் நோயைப் போன்ற விறைப்பை உண்டாக்குவதும், வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு பார்க்கின்சன் நோயாளிக்கு ஆகாததும் ஒரே காரணத்தால்தான்: இரண்டும் டோபமைன் ஏற்பியை அடைக்கின்றன. டோபமைன் மிகுதியே மனச்சிதைவின் முழுக்காரணம் என்று பிற்காலத்தில் சிலர் சுருக்கியதைக் கார்ல்சன் ஏற்கவில்லை. குளுட்டமேட் போன்ற பிற கடத்திகளின் பங்கை அவரே பின்னாளில் விரிவாக ஆராய்ந்தார்.

மனச்சோர்வு மருந்துகளிலும் அவர் பெயர் வருகிறதே?

ஆம். இமிபிரமின் போன்ற பழைய மருந்துகள் செரட்டோனின் மீண்டும் அணுவுக்குள் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 1960-களின் பிற்பகுதியில் காட்டினர். அப்படியானால் செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் மருந்து ஒன்றைச் செய்யலாம் என்று எண்ணி, ஹான்ஸ் கொரோடி, பீடர் பெர்ன்ட்சன் ஆகிய வேதியியலர்களுடன் சேர்ந்து சிமெலிடின் என்னும் மருந்தை உருவாக்கினார். அது 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்ட சிலருக்குக் குய்லான்-பாரே எனப்படும் கடுமையான நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதால் 1983-இல் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது சரியான முடிவு. அந்த மருந்து போயிற்று. அதன் பின்னிருந்த கருத்து நிலைத்தது. 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளுவாக்ஸெட்டின் அதே வகையைச் சேர்ந்தது.

2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு சர்ச்சைக்கு உள்ளானது ஏன்?

ஹார்னிகீவிச் விடுபட்டதால். மனித மூளையில் டோபமைன் குறைவைக் கண்டவர், முதன்முதலாக நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுக்கத் தூண்டியவர் அவர். 1979-இல் மருத்துவத்துக்கான ஊல்ஃப் பரிசு கார்ல்சனுக்கும் அவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டிருந்தது. ஆகவே 200-க்கும் மேற்பட்ட நரம்பியலர்கள் கையொப்பமிட்டு நோபல் குழுவின் முடிவை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினர். மூவருக்கு மேல் கொடுக்க இயலாது என்பது விதி. கிரீன்கார்டும் கேண்டலும் தகுதி குறைந்தவர்கள் என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆயினும் அந்த மடலில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். லுண்டில் அளந்த எண்ணும் வியன்னாவில் அளந்த எண்ணும் சேர்ந்தே ஒரு மருந்தாயின.

டோபமைன் என்பது மகிழ்ச்சி தரும் ஹார்மோன் என்று படிக்கிறோமே?

அவ்வாறு சொல்வது பெரும் பிழை. கார்ல்சனின் முயல்கள் மகிழ்ச்சி இழந்து கிடக்கவில்லை. அசைவை இழந்து கிடந்தன. மனித மூளையில் டோபமைனைத் தயாரிக்கும் அணுக்கள் சில லட்சங்களே. ஆனால் அவற்றின் இழைகள் பரந்து சென்று அசைவு, ஊக்கம், கற்றல், கவனம் ஆகியவற்றில் பங்கேற்கின்றன. தாய்ப்பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினைக் கட்டுப்படுத்துவதும் டோபமைனே. 1990-களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகள், எதிர்பார்த்ததைவிடப் பலன் கூடும்போது இவ்வணுக்களின் துடிப்பு கூடுவதையும், எதிர்பார்த்த பலன் வராதபோது குறைவதையும் காட்டின. அது இன்பத்தின் அளவுகோல் அல்ல; எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை மூளைக்குத் தெரிவிக்கும் குறிப்பு.

கைபேசியைச் சில நாள் ஒதுக்கி வைத்தால் டோபமைனைக் கழுவிச் சுத்தம் செய்யலாம் என்று பரவும் பேச்சுக்கு இந்த அறிவியலில் இடமில்லை. கைபேசியை ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கமாக இருக்கலாம். அதற்கு டோபமைனின் பெயரை இழுக்கத் தேவையில்லை.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதால், மாத்திரைக்குப் பதிலாக அதைச் சாப்பிடலாமா?

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். அதன் மருத்துவப் பயன் அப்போது யாருக்கும் தெரியாது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் அவ்விதையைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வுகளும் பயனைக் காட்டியுள்ளன.

ஆனால் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு விதைப்பொடிக்கு மாறுவது ஆபத்தானது. விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு மாறுபடுவதால், ஒரு வேளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று சொல்ல இயலாது. பொடியில் கார்பிடோபா இல்லாததால் குமட்டலும் அழுத்தச் சரிவும் கூடலாம். மாத்திரையோடு பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மிகுந்து, நெளிவு அசைவுகளும் மனக்குழப்பமும் வரலாம். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஆகவே பொடியை ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் அதை மறைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவை மாற்றுவது அவர் பார்வையில்தான் நடக்க வேண்டும்.

மாத்திரை எடுப்பவர்கள் உணவையும் கவனிக்க வேண்டும். பருப்பு, முட்டை, இறைச்சி, பால் போன்ற புரத உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளைத் தடுப்பிலும் ஒரே வழியில் போட்டியிடுகின்றன. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்பாக மாத்திரையை விழுங்கச் சொல்வது வழக்கம்; குமட்டல் மிகுந்தவர்கள் புரதம் குறைந்த சிறு பண்டம் ஏதாவது அதனுடன் சாப்பிடலாம்.